மக்காச்சோள மணியும் மரபணுவும்

மக்காச்சோளத்தை வயிறார உண்ணும் குழந்தையும் புரதக் குறைவால் நலிவதுண்டு. அம்மணியில் புரதம் உண்டு. ஆனால் அதன் தரம் குறைவு. மணிப் புரதத்தில் பெரும்பங்கு 'ஸீன்' என்னும் வகையாகும். நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத லைசின், டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலங்கள் ஸீனில் மிகவும் அரிது. இக்குறையைப் போக்க ஒரு மரபணு துணைநின்ற வரலாறு, மரபியல் பயில்வோர்க்கு நல்லதொரு பாடமாகும்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மெர்ட்ஸ், பேட்ஸ், நெல்சன் ஆகியோர், 'ஒபேக்-2' என்னும் திடீர்மாற்ற மரபணுவைக் கொண்ட மணிகளில் லைசின் மிகுந்திருப்பதை 1964இல் வெளியிட்டனர். இயல்பான மரபணு ஆக்கும் ஒரு புரதமே, ஸீனை உண்டாக்கும் பிற மரபணுக்களைத் தூண்டுகிறது. மாறிய மரபணுவில் அத்தூண்டுதல் இல்லை. ஆகவே ஸீன் குறைகிறது. லைசின் மிகுந்த பிற புரதங்களின் பங்கு உயர்கிறது.

இது ஒடுங்கு பண்பாகும். இயல்பான வகையுடன் கலப்புச் செய்தால் முதல் தலைமுறை மணிகள் யாவும் இயல்பாகவே தோன்றும். அவற்றை விதைத்துத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தால், கதிரில் மூன்றுக்கு ஒன்று என்ற மெண்டலின் விகிதம் காணலாம். ஒளிக்கு எதிரே பிடித்தால் இயல்பான மணி ஒளியைக் கசியவிடும்; ஒபேக் மணியோ சுண்ணக்கட்டி போல் மங்கியிருக்கும். மணியின் முளைசூழ்தசைக்குத் தாய்வழி இரண்டு, தந்தைவழி ஒன்று என மூன்று மரபணுப் படிகள் வருகின்றன. மூன்றில் ஒன்று இயல்பானதாயினும் ஒபேக் பண்பு மறைந்துவிடும். எனவே அண்டை வயலின் மகரந்தம் காற்றில் வந்து படிந்தாலே அம்மணியின் தரம் கெடும்.

இடர் அதனோடு முடியவில்லை. ஒபேக் மணி மென்மையானது, எடை குறைந்தது, வண்டுக்கும் பூசணத்துக்கும் எளிதில் இரையாவது. உழவர்கள் அதனை விரும்பவில்லை.

மெக்சிகோவிலுள்ள பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையத்தில் வேதியியலார் எவஞ்சலினா வில்லேகாஸ் அம்மையாரும், இந்தியரான பயிர்ப்பெருக்க வல்லுநர் சுரிந்தர் வாசலும் இதற்கு வழி கண்டனர். மணியைக் கடினமாக்கும் துணை மரபணுக்கள் பல உண்டு. அவை ஒவ்வொன்றின் பயனும் சிறிது. தலைமுறைதோறும் கடினமான மணிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றின் புரதத் தரத்தையும் சோதித்து, இவ்விரு நலன்களையும் ஒரே பயிரில் சேர்த்தனர். அதுவே தரப்புரத மக்காச்சோளம். இதற்காக 2000ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு இருவருக்கும் வழங்கப்பெற்றது.

சத்தைத் தந்தது ஒரு மரபணு. அதனை உழவர் ஏற்கச் செய்தவையோ பல மரபணுக்கள். ஒன்றை மட்டும் நோக்கிப் பிறவற்றை மறப்பவர் நல்ல பயிரை உருவாக்க இயலாது.