பூனையும் கருவுற்ற தாயும்

1908ஆம் ஆண்டில் டூனிஸ் நகரில் நிக்கோல், மான்சோ என்ற இரு அறிஞர்கள், ஒரு கொறிவிலங்கின் உடலில் வில்லைப் போல் வளைந்த ஓரணு ஒட்டுண்ணியைக் கண்டனர். கிரேக்க மொழியில் 'டாக்சோன்' என்றால் வில். ஆகவே அதற்கு டாக்சோபிளாஸ்மா என்ற பெயர் வந்தது. பூனைக்கும் இதற்கும் உள்ள உறவு தெளிவாக 1970 வரை ஆயிற்று.

ஆடு, மாடு, கோழி, மனிதன் என எவ்வுடலிலும் இது தங்கும். ஆனால் பாலினப் பெருக்கம் நடைபெறுவது பூனை இனத்தின் குடலில் மட்டுமே. எலியைத் தின்று தொற்றுக்கு ஆளான பூனை, சில வாரங்கள் மட்டும், மலத்துடன் இலட்சக்கணக்கான ஊசிஸ்டுகளை வெளியேற்றும். அவை வெளியே ஓரிரு நாளாவது கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிர் தாங்கும். எனவே பூனையைத் தொடுவதைவிட, வீடு கட்டக் கொட்டிய மணலும், கழுவாத கீரையும், காய்ச்சாத ஊரணி நீருமே அஞ்சத்தக்கவை. 2004-05இல் கோயம்புத்தூரில் 200க்கும் மேற்பட்டோருக்கு இத்தொற்றால் விழித்திரை அழற்சி கண்டபோது, ஆய்ந்த மருத்துவர்கள் ஐயுற்றது குடிநீரைத்தான்.

இறைச்சி மற்றொரு வழி. இரத்தம் ஊறும் என்று கர்ப்பிணிக்கு ஆட்டுச் சுவரொட்டியை அனலில் வாட்டிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். கொடுக்கட்டும், உள்ளே சிவப்பு மாறும்வரை வேகவைத்துக் கொடுக்கட்டும்.

தாய் கருவுற்ற காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் பெரும்பாலும் ஆபத்து. கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் மூளையையும் விழித்திரையையும் தாக்கலாம். தொடக்க மாதங்களில் அது கடப்பது குறைவு, கேடு மிகுதி. இறுதி மாதங்களில் இது தலைகீழ். முன்பே தொற்றிய பெண்ணை அவளது எதிர்ப்புச் சக்தியே காக்கும்.

இந்த வேறுபாட்டை அறியாததால் எங்கள் உறவில் ஒரு பெண் பட்ட பாடு கொஞ்சமன்று. இருமுறை கரு கலைந்தது. இரத்தச் சோதனைத் தாளில் 'பாசிட்டிவ்' என்றிருந்ததும், அவள் வளர்த்த பூனையே காரணம் என்று மாமியார் வீட்டில் முடிவு கட்டினர். பூனையைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கு அப்பால் விட்டனர். பேச்சு மட்டும் ஓயவில்லை. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன் என்பதால் தாள் என்னிடம் வந்தது. அதில் பாசிட்டிவ் ஆனது ஐ.ஜி.ஜி. மட்டுமே, ஐ.ஜி.எம். இல்லை. பழைய தொற்றின் சுவடாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அடுத்தடுத்துக் கரு கலைவதற்கு அது காரணமாவது மிக அரிது. ஐ.ஜி.எம். இருந்தாலும்கூட உடனே தீர்ப்புச் சொல்ல இயலாது. அது மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. அப்போது 'அவிடிட்டி' என்னும் சோதனை உதவும். புதிய தொற்று என்று உறுதியானால், தொடக்க மாதங்களில் ஸ்பைராமைசின் கொடுப்பர்.

மருத்துவரிடம் வேறு காரணங்களைக் கேட்கும்படி அவளிடம் சொன்னேன். அடுத்த முறை கணவனும் உடன் சென்றான்.