தாழ்ப்பாள் எட்டாத பிள்ளை

அன்புள்ள தங்கைக்கு,

நாலாம் வகுப்புக்குக் குழந்தை உரிமைகளை எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தாய். ஐ.நா. உடன்படிக்கை நிறைவேறியது 1989, இந்தியா சேர்ந்தது 1992 என்று எழுதிப்போட்டால் பிள்ளைகள் மறுநாளே ஒப்பித்துவிடுவார்கள். அதன் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை தருகிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதை மதிக்கச் சொல்கிறது. இதை ஒப்பிக்கவைத்த கையோடு "வாயை மூடு" என்று அதட்டினால், இரண்டில் எது மனதில் நிற்கும்? கழிப்பறைத் தாழ்ப்பாளையே எடுத்துக்கொள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எட்டாமல் இருந்தால் பெரியவர் கண்ணில் படாது; ஆய்வுக்கு வருபவர் கழிப்பறை 'உண்டு' என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். கதவைப் பிடித்துக்கொள்ளத் தோழி வராத நாளில் மணியடிக்கும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் தெரியும். அவளைக் கேட்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கு.

இடம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள் என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வார்கள். இந்த அச்சத்தைச் சோதித்துப் பார்த்தவர் யானுஷ் கோர்ச்சாக். வார்சாவில் 1912 முதல் அவர் நடத்திய யூத அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் நீதிமன்றத்தில் பிள்ளைகளே நீதிபதிகள். அந்தந்த வாரம் தம்மீது வழக்கில்லாதவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். சட்டத்தொகுப்பின் தொடக்கப் பிரிவுகள் பெரும்பாலும் மன்னித்து விடுவதற்கே. அரையாண்டில் ஐந்து முறை தாமே அந்த நீதிமன்றத்தின்முன் நின்றதாக அவர் எழுதியிருக்கிறார். ஒரு பையனை அறைந்தது அவற்றில் ஒன்று. எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. வீண் வழக்குகள் பெருகி, நீதிமன்றத்தைச் சில வாரம் நிறுத்திவைத்துத் திருத்தினார், ஆனால் கைவிடவில்லை. குலையும் என்றார்களே, அந்த ஒழுங்கைப் பிள்ளைகளே காத்தார்கள். நம் ஊரிலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்துவிட்டது; பிரம்பு போன இடத்தில் வேறொன்று வேண்டாமா?

நாள் முழுக்க விளையாட்டு கேட்பார்களே என்றால், கேட்கட்டும். காதுகொடுப்பதால் கேட்டதையெல்லாம் தந்தாக வேண்டும் என்பதில்லை. முடியாததை ஏன் முடியாது என்று அடுத்த வாரத்துக்குள் வகுப்பிலேயே சொல்லிவிடு. திறக்கப்படாத கருத்துப் பெட்டி, பேசிப் பயனில்லை என்பதைத்தான் கற்றுக்கொடுக்கும். அதைவிடப் பெட்டி வைக்காமலே இருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. கையைத் தூக்குபவர்களையே கேட்டால் வகுப்புத் தலைவனும் நன்றாகப் படிக்கும் இரண்டு பேரும்தான் பேசுவார்கள். அதற்குச் சீட்டுக் குலுக்கல் நல்ல வழி. எழுத வராதவர்கள் வரைந்து காட்டட்டும்.

கடைசியாக, பேச விட்டால் சில சமயம் வீட்டில் நடக்கும் கொடுமையும் வெளியே வரும். அதை வகுப்பின் நடுவே கிளறாதே, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதே. தனியே கேட்டு, தலைமையாசிரியரிடம் அன்றே தெரிவி. அவர் தயங்கினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ நீயே அழைக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்