பிள்ளை பிறக்கும் நாளைக் கணக்கிடுதல்

ஒரு பெண் கர்ப்பமுற்றிருப்பதை "முழுகாமல் இருக்கிறாள்" என்று சொல்வது எமது மக்களின் வழக்கம். மாதவிலக்கு வரவில்லை, அந்த மாதத் தலைமுழுக்கு இல்லாமற் போயிற்று என்பதே இதன் பொருள். அழகான சொல்தான். ஆனால் பிரசவ திகதியைக் கணக்கிடும்போது இச்சொல்லுக்குள் ஒரு மாத வித்தியாசம் ஒளிந்திருக்கின்றது. பசறைப் பகுதித் தோட்டங்களில் தாய்மார் குழுக்களுடன் பணிபுரியும் ஊக்குவிப்பாளர்கள் இதனை நன்கு விளங்கிக்கொள்வது அவசியம்.

இரண்டு விதமான எண்ணிக்கை

தாய் எண்ணத் தொடங்குவது முழுகாமற்போன மாதத்திலிருந்து. வைத்தியர் எண்ணத் தொடங்குவதோ கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. எனவே "மூன்று மாதம்" என்று தாய் சொல்லும்போது கிளினிக் அட்டையில் ஏறக்குறைய நான்கு மாதம் என்றிருக்கும். இருவரும் பொய் சொல்லவில்லை. தொடங்கிய இடம்தான் வேறு.

கரு தரிப்பது பொதுவாக விலக்கு தொடங்கி இரண்டு வாரங்களின் பின்னரே. அப்படியிருக்க, வயிற்றில் ஒன்றுமே இல்லாத நாளிலிருந்து ஏன் எண்ண வேண்டும்? கரு தரித்த நாள் பெரும்பாலும் எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது; விலக்கு வந்த நாள் பெண்ணுக்குத் தெரியும். அந்த நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் என்பதே கணக்கு. எமது பெரியவர்கள் சொல்லும் "பத்து மாதம்" தவறல்ல. 28 நாளை ஒரு மாதமாகக் கொண்டால் பத்து மாதம் சரியாக 280 நாட்களே.

இதற்குச் சுலபமான வழியொன்றைப் பிரபலமாக்கியவர் ஜெர்மன் நாட்டின் ஹைடல்பர்க் நகரில் பணியாற்றிய பிரசவ வைத்தியர் நேகலே (1778–1851). கடைசி விலக்கின் முதல் நாளுடன் 7 நாட்களைக் கூட்டி, மூன்று மாதங்கள் பின்னால் செல்ல வேண்டும். யூன் 10 எனில், 7 கூட்ட யூன் 17. மூன்று மாதம் பின்னால் போக மார்ச் 17. அடுத்து வரும் மார்ச் 17 தான் எதிர்பார்க்கும் நாள். மாதங்கள் 30, 31 என மாறுவதால் சில வேளை இரண்டு மூன்று நாட்கள் கூடி வரும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சுவாரசியமான செய்தி ஒன்றுண்டு. விலக்கின் முதல் நாளிலிருந்தா, கடைசி நாளிலிருந்தா எண்ண வேண்டும் என்பதை நேகலே தெளிவாகச் சொல்லவில்லை என்பர். அதே குழப்பம் எமது லயங்களிலும் உண்டு. "எப்போது குளித்தாய்?" என்று கேட்டால் தலைமுழுகிய நாளைத்தான் சொல்வார்கள். அது விலக்கு தொடங்கிச் சில நாட்களின் பின் வருவது. ஆகவே "முதன்முதல் பட்டது என்றைக்கு?" என்றே கேளுங்கள்.

கணக்குப் பொருந்தாத இடங்கள்

இக்கணக்கு 28 நாட்களுக்கு ஒருமுறை விலக்கு வருபவர்களுக்கே சரியாகப் பொருந்தும். 35 நாட்களுக்கு ஒருமுறை வருபவருக்கு மேலும் ஒரு வாரம் கூட்ட வேண்டும். குடும்பத்திட்ட ஊசியை அண்மையில் நிறுத்தியவர், பால் கொடுத்துக்கொண்டிருக்கையில் விலக்கு வராமலே மீண்டும் கர்ப்பமானவர் ஆகியோருக்கு இது உதவாது. இத்தகையவர்களை ஊகத்தில் ஒரு திகதி சொல்ல வற்புறுத்த வேண்டாம். "தெரியாது" என்ற பதிலே அவர்களை ஸ்கேன் பரிசோதனைக்கு விரைவாக அனுப்ப உதவும்.

ஸ்கேனைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: பிந்தி எடுத்தால் பிள்ளை பெரிதாகத் தெரியும், திகதியும் சரியாக வரும் என்பதாம். உண்மை இதற்கு நேர்மாறு. முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருக்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்வதால், தலை முதல் பிட்டம் வரை அளந்து ஒரு வாரத்துக்குள் சரியாக வயதைச் சொல்லலாம். கடைசி மாதங்களில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு அளவு. அப்போது மூன்று வாரம் வரை பிழைக்கலாம். பிள்ளை துடிப்பதைத் தாய் உணரும் நாள் (தலைப்பிள்ளைக்கு 18 – 20 வாரமளவில், அடுத்தவைக்குச் சற்று முந்தி), கருப்பை தொப்புள் மட்டத்துக்கு வரும் 20ஆம் வாரமளவு ஆகியன துணை அடையாளங்களே.

எமக்கு இது ஏன் முக்கியம்?

2.5 கிலோவுக்குக் குறைந்த நிறையுடன் பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டங்களிலேயே அதிகமாகக் காணப்பட்டு வந்துள்ளனர். வயிறு சிறிதாக இருக்கும் ஒரு தாய் கிளினிக்குக்கு வருகிறார். திகதி பிழையா? அல்லது பிள்ளை வளராமல் நிற்கிறதா? ஆரம்பத்தில் எழுதிய திகதி இருந்தால் மருத்துவிச்சிக்கு உடனே விளங்கும். இல்லாவிட்டால் "நாள் குறைவு போல" என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட இடமுண்டு. வளர்ச்சி குன்றிய பிள்ளை தப்பிப்போவது இவ்வாறுதான். 34 வாரத்துக்கு முன் வலி கண்டால் பிள்ளையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு ஊசி போடுவதும், 41 வாரம் கடந்தால் வலியை வரவழைப்பதும் இந்தத் திகதியை நம்பியே.

தோட்டத்திலிருந்து பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பயணமும் இதில் அடங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையின்போது மண்சரிவு எத்தனை பாதைகளை மூடியது என்பதை அறிவீர்கள். ஐப்பசி முதல் தை வரை நாள் வரும் தாய், முன்கூட்டியே கிளினிக்கில் பேசி வைப்பது நல்லது. பிரசவ விடுமுறையான 12 வாரத்தில் 2 வாரம் பிரசவத்துக்கு முன்னருக்குரியது. எந்தத் திகதியிலிருந்து என்பதையும் இக்கணக்கே காட்டும். (மூன்றாம் பிள்ளை முதல் 6 வாரம் மட்டும் என்றிருந்த சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. இன்னும் சிலருக்கு இது தெரியாது.)

ஆயினும் அந்நாளிலேயே பிள்ளை பிறக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். நூற்றில் ஐந்து பிள்ளைகள்கூட அந்நாளில் பிறப்பதில்லை. 37 வாரம் நிறைந்தால் எந்நாளும் வரலாம். நாள் கடந்ததும் மாமியார் கலங்குவதையும், நாள் வரவில்லையே என்று மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவதையும் நாம் பார்க்கிறோம்.

கண்ணூறு படும் என்று மூன்று மாதம்வரை மறைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஊராருக்குச் சொல்லாதிருப்பது அவரவர் விருப்பம். மருத்துவிச்சியிடம் எட்டு வாரத்துக்குள் பதிந்துகொள்வது வேறு விடயம்.

குழுப் பயிற்சி

அடுத்த கூட்டத்துக்கு ஒரு கலண்டரைக் கொண்டு செல்லுங்கள். திகதி ஞாபகம் இல்லாதவரிடம் போயா நாள், பொங்கல், தோட்டத்துத் திருவிழா, சம்பள நாள் ஆகியவற்றை நினைவூட்டிக் கேளுங்கள். "பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து" என்றால், பொங்கல் ஜனவரி 14 ஆயின் 16; எதிர்பார்க்கும் நாள் அக்டோபர் 23. பின்னர் குழுவிலுள்ள ஒவ்வொரு பெண்ணும், கர்ப்பமோ இல்லையோ, தன் விலக்கின் முதல் நாளைத் தன் வீட்டுக் கலண்டரில் பென்சிலால் வட்டமிடப் பழகட்டும்.