பாசிக்கு வெயில்தான் சாப்பாடு

மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற கப்பாபைகஸ் பாசிக்கு வேரும் இல்லை, மண்ணும் இல்லை. பிறகு 45 நாளில் எப்படிக் கனம் ஏறுது? வெயில்தான்!

பாசிக்குள்ளே பச்சையம் இருக்கு. கூடவே ஒரு சிவப்பு நிறமியும் உண்டு. (சிவப்புப் பாசியைக் கொதிநீரில் போட்டுப் பாருங்க, சிவப்பு போய்ப் பச்சை தெரியும்.) கடலுக்குள் சிவப்பு வெளிச்சம் சீக்கிரம் குறைஞ்சிடும், நீலமும் பச்சையும்தான் கீழே போகும். அதைச் சிவப்பு நிறமி பிடித்துப் பச்சையத்துக்குக் கொடுக்கும். அந்தச் சக்தியில் தண்ணீர் பிரிந்து ஆக்சிஜன் வெளியேறும்; கடல்நீரில் கரைந்த கரியமில வாயு சர்க்கரையாக மாறும். வியாபாரி தேடுகிற கராஜீனன் பசையும் அதிலிருந்து உண்டாவதுதான்.

கயிற்றில் சேறும் வேண்டாத பாசியும் படிஞ்சா வெளிச்சம் மறையும், எடை குறையும், நம்ம காசும் குறையும். மிதவைக்குப் போகும்போதெல்லாம் கயிற்றை உதறி அலசி விடுங்க.