பாடத்தின் வேகம் கேட்பவர் கையில்

காலையில் நாகர்கோவிலில் ரயில் ஏறி, குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டித் திருவனந்தபுரத்துக்கும் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அவர்களில் சிலர் ஹெட்போனில் கேட்பது பாட்டல்ல, பாடம்: பைதான், கிளவுட், தகவல் பாதுகாப்பு. பத்து வருடம் நிரல் எழுதியவருக்கு அந்தப் பாடத்தின் முதல் அரைமணி தெரிந்த கதை. தமிழ் வழியில் படித்துப் புதிதாகச் சேர்ந்தவருக்கோ, அமெரிக்க உச்சரிப்பில் வரும் அதே அரைமணி பிடிபடாமல் ஓடிவிடுகிறது.

வகுப்பறையில் இந்தச் சிக்கலை ஆசிரியரின் கண் தீர்த்துவிடும். முகங்கள் குழம்பினால் நிதானிப்பார், கொட்டாவி தெரிந்தால் தாண்டிப் போவார். பதிவான குரலுக்குக் கண் இல்லை. ஆசிரியர் கண்ணால் பார்த்துச் செய்ததைக் கேட்பவரே செய்துகொள்ள, திரை மூலையில் இருக்கும் வேகப் பொத்தான் வழிவிடுகிறது. இணையப் பாடம் தயாரிக்கும் எவரும் அதைத் தராமல் விடக்கூடாது.

திருவனந்தபுரம் பார்த்த பாடம்

2020 ஜூன் 1 அன்று, கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், தன் விக்டர்ஸ் கல்விச் சேனலில் ‘பர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ் வழி, கன்னட வழி மாணவர்களுக்கும் வகுப்புகள் வந்தன. தொலைக்காட்சியில் ஓடும் வகுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேகம்தான். அதே வகுப்பு யூடியூபில் ஏறியதும் நிலைமை மாறியது. புரியாத இடத்தில் நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், கால் மடங்கிலிருந்து இரட்டை வரை வேகத்தை மாற்றலாம். 2021இல் பத்தாம் வகுப்புத் திருப்புதல் பாடங்களை எம்பி3 ஒலிநூல்களாகவும் கைட் வெளியிட்டது. கேட்கும் நேரமும் வேகமும் பிள்ளையின் கைக்கு வந்தன. பள்ளிப் பிள்ளைக்குக் கிடைத்த இந்த வசதி, அலுவலகப் பயிற்சியில் உட்காரும் ஊழியருக்கும் கிடைக்க வேண்டும்.

கேட்பவருக்கு

முதலில் கணக்கு. ஒரு மணி நேரப் பாடம் ஒன்றேகால் வேகத்தில் 48 நிமிடம், ஒன்றரையில் 40, இரட்டையில் 30. முக்கால் வேகத்தில் 80 நிமிடம்.

வேகமாகக் கேட்டால் மண்டையில் ஏறுமா? அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். இரட்டை வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை. இரண்டரை மடங்கில் குறைந்தது. அங்கே கேட்டவர்கள் ஆங்கிலத்தில் படிக்கும் மாணவர்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள நாம் அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்:

- புதிய பாடம், பழகாத உச்சரிப்பு: முக்கால் அல்லது இயல்பு வேகம். வேலைக்காக மலையாளம் கற்கும் தமிழர்களுக்கும் முக்கால் வேகமே நல்லது. தெரிந்த சொல் போலக் காதில் விழுவது பல இடங்களில் வேறு பொருள் தரும்.
- பாதி தெரிந்த பாடம்: ஒன்றேகாலில் தொடங்கி ஒன்றரைக்குப் போங்கள்.
- திருப்புதல்: இரட்டை வேகம். அதே ஆய்வில், இரட்டை வேகத்தில் இரண்டு முறை, இரண்டாம் முறை தேர்வுக்குச் சற்று முன்னால் கேட்டவர்கள், இயல்பு வேகத்தில் ஒரு முறை மட்டும் கேட்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.
- நிரலும் கணக்கும் வரும் இடம்: வேகத்தை விடுங்கள், நிறுத்திவிட்டுக் கையால் செய்து பாருங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதை உங்கள் வார்த்தையில் இரண்டு வரி சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் ஒரு படி குறையுங்கள்.

தயாரிப்பவருக்கு

பழைய டேப்பை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சிடும். இன்றைய மென்பொருள் பேச்சை நொடியின் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துத் தைக்கிறது. அதனால் வேகம் மாறினாலும் குரலின் சுருதி மாறுவதில்லை. பிரவுசர்களில் இந்த வசதி ஏற்கெனவே உண்டு. உங்கள் வேலை அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது.

- முக்கால், ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை, இரண்டு என்ற படிகள் போதும். பொத்தான் மெனுவுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது.
- ஒரு பாடத்தில் தேர்ந்தெடுத்த வேகம் அடுத்த பாடத்திலும் தொடர வேண்டும்.
- ஸ்லைடின் அசைவுகளைத் தனிக் கடிகாரத்தில் ஓடவிடாமல் ஒலியின் நேரத்தோடு கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒன்றரை வேகத்தில் குரல் முன்னே போகும், படம் பின்தங்கும்.
- பேச்சின் அடியில் இசை வேண்டாம். வேகம் கூடினால் அது இரைச்சலாகிச் சொல்லை மறைக்கும்.
- பத்து நொடி பின்னால் போகும் பொத்தானும் முழுப் பேச்சின் எழுத்து வடிவமும் கூடவே இருக்கட்டும்.
- மவுஸ் இல்லாமல் கீபோர்டிலேயே பொத்தான் இயங்க வேண்டும். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர், பொத்தானின் பெயரையும் இப்போதைய வேகத்தையும் படிக்க வேண்டும்.

கடைசிக் குறிப்பைத் தள்ளிப் போடாதீர்கள். வாட்ஸ்அப் 2021இல் குரல் செய்திக்கு வேகப் பொத்தான் தருவதற்கு வெகுகாலம் முன்பே, பார்வையற்றவர்கள் பேசும் புத்தகங்களை வேகம் கூட்டிக் கேட்டார்கள். ஸ்கிரீன் ரீடரில் பழகியவர்களில் பலர், மற்றவர்களுக்குப் பிடிபடாத வேகத்தில் சரளமாகக் கேட்பார்கள். அவர்களை இயல்பு வேகத்தில் கட்டிப்போடுவது, பார்வையுள்ளவரை ஒவ்வொரு எழுத்தாய்ப் படி என்று சொல்வதைப் போன்றது. தகவல் தொழில்நுட்பம் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது.

பயிற்சிப் பொறுப்பாளருக்கு

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், தகவல் பாதுகாப்புப் பயிற்சியில் வேகத்தை மாற்ற முடியாது, முன்னே நகர்த்தவும் முடியாது. எல்லோரும் ஒலியை அணைத்துவிட்டு வேறு திரையில் வேலை பார்த்தோம். நேரம் முடிந்ததும் சான்றிதழ் வந்தது. பயிற்சியில் என்ன சொன்னார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பூட்டு போட்டால் கவனம் வந்துவிடாது. உட்கார்ந்த நிமிடங்களை எண்ணும் ஏற்பாட்டை எடுத்துவிடுங்கள். பாடத்தின் எல்லாப் பகுதியும் ஓடியதா என்று மட்டும் பதிவு செய்யுங்கள். புரிந்ததா என்பதைக் கேள்விகளால் அறியுங்கள், அதுவும் வேலையில் வரும் சூழலை வைத்து: இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? நாற்பது நிமிடப் பாடத்தை இருபதில் கேட்டுச் சரியாகப் பதில் சொன்னவர் ஏமாற்றவில்லை. ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டு சரியாகச் சொன்னவர் பின்தங்கியவரும் இல்லை.

இந்த வாரமே உங்கள் பாடம் ஒன்றை எடுத்து, முக்கால் வேகத்தில் ஐந்து நிமிடமும் இரட்டை வேகத்தில் ஐந்து நிமிடமும் கேளுங்கள். சொல் மங்கும் இடத்தையும் படம் பின்தங்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலைச் சரிசெய்த பிறகு, அடுத்த குழுவுக்குப் பாடத்தை அனுப்புங்கள்.