இராஜாஜியும் அரசாங்கச் சிக்கனமும்

தோற்றுவாய்

குடும்பத் தலைவன் ஒருவன் வரவை மிஞ்சிச் செலவு செய்வானாயின் அதன் விளைவைத் தன் வாழ்நாளிலேயே காண்பான்; கடன் கொடுத்தவன் வாயிற்படியில் வந்து நிற்பான். அரசாங்கத்தின் நிலைமை வேறு. செலவுக்கு ஆணையிட்ட மந்திரி பதவி நீங்கிப் பல்லாண்டு கழிந்த பின்னரும் அக்கடனுக்குத் தவணை வந்துகொண்டே இருக்கும். அத்தவணையைச் செலுத்துவோருள் பலர், கடன் வாங்கிய நாளில் வாக்குரிமை பெறாத சிறார். சிலர் பிறக்கவும் இல்லாதவர். ஆதலின் அரசாங்கம் செலவிடும் முறையைக் குடிகள் கண்காணித்தல் இன்றியமையாதது. இளைஞர் கண்காணித்தல் அதனினும் இன்றியமையாதது.

மாணவராகிய நம்முட் பலர் டில்லியில் நிகழும் வரவு செலவுத் திட்ட விவாதத்தை ஊன்றி நோக்குகின்றோம்; சென்னைக் கோட்டையில் நிகழ்வதை அத்துணை நோக்குவதில்லை. நாம் எழுத்தறிந்த ஆரம்பப் பாடசாலை, நம் ஊர் வைத்தியசாலை, காவல் நிலையம், ஏரியின் மதகு, மதுக்கடை ஆகிய யாவும் மாநில அரசின் ஆட்சிக்கு உட்பட்டவை. இவற்றின் செலவைப் பற்றிச் சிக்கனக் கொள்கையினர் கூறுவது யாது, அக்கொள்கை எவ்விடத்தில் வென்றது, எவ்விடத்தில் தவறியது என்பவற்றைச் சக்கரவர்த்தி இராஜகோபாலாசாரியாரின் ஆட்சிச் செயல்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஒருவாறு ஆராய்வாம். எக்கட்சியையும் ஏற்றவோ இகழவோ நாம் புகவில்லை.

சிக்கனக் கொள்கை இன்னதெனல்

அரசாங்கத்தின் பெட்டியிலுள்ள ஒவ்வொரு ரூபாயும் முன்னர் ஒரு குடிமகனின் மடியில் இருந்தது என்பது இக்கொள்கையினரின் முதல் வாதம். புதியது ஒன்றைப் புகுத்துங்கால் சிறிய எல்லையில் செய்து பார்த்து, நலம் கண்ட பின்னரே விரிக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒரு செலவை மேற்கொள்ளுவோரும், ஒரு வருவாயைக் கைவிடுவோரும், அதற்கு ஈடு எங்கிருந்து வரும் என்பதை அன்றே வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது மூன்றாவது.

மாறுதல் எதனையும் விரும்பாதவர் என்று இவர்களைப் பிறர் பழிப்பது உண்டு. உண்மையில் இவர்கள் கேட்பது மாறுதலின் விலையை. வள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைப் பகுத்தல் என்னும் நான்கிலும் வல்லவனே அரசன் என்று கூறினார். இக்காலத் தேர்தல் மேடைகளில் அந்நான்கனுள் இறுதியாயது ஒன்றே பெரிதும் பேசப்படுகின்றது.

1937-ஆம் ஆண்டின் சோதனை

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி மாகாணங்களுக்குத் தன்னாட்சி கிடைத்தபோது, 1937-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னை மாகாணத்தில் இராஜாஜி முதன்மந்திரியாயினார். நிதி இலாகாவையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். 1931-ஆம் ஆண்டில் கராச்சிக் காங்கிரஸ் மாநாடு உயர்பதவியினரின் சம்பளத்திற்கு 500 ரூபாய் என வரையறுத்திருந்தது; அவ்வரையறைக்கு இணங்கவே காங்கிரஸ் மந்திரிகள் ஊதியம் பெற்றனர். பிறர் பொருளைச் செலவிடப் புகுந்தோர் முதற்கண் தம் பங்கைக் குறைத்துக்கொண்டனர் என்பது நோக்கத்தக்கது.

அக்காலத்து மாகாண வருவாயின் பெருந்தூண்களுள் நிலவரி ஒன்று. கள், சாராயம் ஆகியவற்றால் வரும் கலால் வருமானம் மற்றொன்று. திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் வாழ்ந்த நாள் தொட்டு மதுவிலக்கையே தம் பணிகளுள் தலையாயதாகக் கொண்ட இராஜாஜி, அத்தூணையே அகற்றத் துணிந்தார். துணிந்தும், மாகாணம் முழுவதிலும் ஒரே நாளில் கடைகளை அடைத்தாரல்லர். தமக்கு நன்கு தெரிந்த சேலம் மாவட்டத்தில் மட்டும் 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் மதுவிலக்கைத் தொடங்கினார். 1938-இல் சித்தூரும் கடப்பையும், 1939-இல் வட ஆர்க்காடும் அதனுட் சேர்ந்தன. சிறிய எல்லையில் செய்து பார்த்தல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

இழந்த வருவாய்க்கு ஈடு எங்கே என்னும் வினா உடனே எழுந்தது. விடையை அவர் மறைக்கவில்லை. 1939-ஆம் ஆண்டில் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் நிறைவேறியது. பொருள்களின் விற்பனை மீது பொதுவாக வரி விதிக்கும் முறை இந்தியாவில் வேரூன்றியதற்கு இச்சட்டமே வழிகாட்டி எனலாம். அவ்வாண்டிலேயே கேளிக்கை வரியும், புகையிலை, மோட்டார் எண்ணெய் ஆகியவற்றின் விற்பனை மீது வரிகளும் வந்தன. வணிகர் வெகுண்டனர். புதிய வரியை விரும்பாத சிக்கனக் கொள்கையினருக்கும் இது கசப்பாகவே இருந்திருக்கும். எனினும் ஒரு நேர்மை இதன்கண் உண்டு. கள்ளுக்கடையை மூடுவதன் விலை இது என்று குடிகளுக்கு அன்றே சொல்லப்பட்டது. கடனாக எழுதி வைத்து வருங்காலத்தின் தலையில் ஏற்றப்படவில்லை.

வரியின் நீண்ட ஆயுள்

இனி நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கற்கவேண்டிய பாடம். 1939-ஆம் ஆண்டு அக்டோபரில் உலகப்போர் காரணமாக மந்திரிசபை பதவி துறந்தது. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. விற்பனை வரியையோ நிறுத்தவில்லை. 1948-ஆம் ஆண்டில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில், மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-ஆம் ஆண்டில் மு. கருணாநிதியின் அரசு நிதி நெருக்கடியைக் காரணமாகக் காட்டி அதனை நிறுத்தி வைக்க முற்பட்டபோது, தொண்ணூறு வயதைக் கடந்த இராஜாஜி முதலமைச்சரின் இல்லத்திற்கே நேரிற் சென்று வேண்டாவென மன்றாடினார். வேண்டுகோள் பயன் தரவில்லை. கடைகள் 1974-க்குள் மீண்டும் மூடப்பட்டன. 1981-இல் மறுபடியும் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் எனச் சுருக்கமாக வழங்கும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 2003-ஆம் ஆண்டு முதல் சில்லறை விற்பனையையும் அதுவே ஏற்றது.

இத்துணை மாற்றங்களுக்கும் இடையே விற்பனை வரி ஒருநாளும் உறங்கியதில்லை. 2007-இல் அது மதிப்புக் கூட்டு வரியாயிற்று. 2017-இல் அதன் பெரும்பகுதி சரக்கு சேவை வரியுட் கலந்தது. மதுவருவாய்க்கு ஈடாகப் பிறந்த வரியும் இருக்கின்றது. அது எதற்கு ஈடாகப் பிறந்ததோ அவ்வருவாயும் திரும்பி வந்துவிட்டது. மதுவிற்பனையால் அரசுக்குக் கிட்டிய வரிவருவாய் 2022-23-ஆம் ஆண்டில் 44,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. வரி பிறந்த காரணம் இறப்பினும் வரி இறவாது என்னும் சிக்கனக் கொள்கையினரின் எச்சரிக்கைக்கு நம் மாநிலத்தின் வரலாறே தக்க உதாரணம்.

மது கடைகளில் விற்கப்படாவிடின் கள்ளச்சாராயம் பெருகும் என்பர் எதிர்வாதம் செய்வோர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அரசாங்கக் கடைகள் திறந்திருந்த காலத்திலேயே, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் கள்ளச்சாராயம் அருந்தி மாண்டனர். 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகளை மூட ஆணைகள் பிறந்தன. கடையை மூடும் ஆணை வரவேற்கத்தக்கதே. ஆனால் 1939-இல் கேட்கப்பட்ட வினா இன்றும் விடையின்றி நிற்கின்றது: கைவிடும் வருவாய்க்கு ஈடு யாது? எந்தச் செலவு குறையும்? இவ்வினாவுக்கு விடை கூறாதவரை, கூலியாளின் மனைவி தன் கணவன் கையிலிருந்து காப்பாற்ற முயலும் பணத்தையே அரசாங்கம் தன் வரவுப் பத்தியில் எதிர்நோக்கி இருக்கும். ஏழையின் வீட்டுச் சேமிப்பு அரசாங்கத்தின் கணக்கில் நட்டமாகத் தோன்றும் இந்நிலையினும் இரங்கத்தக்கது பிறிதில்லை.

சிக்கனம் தவறிய இடம்

ஒரு கொள்கையை ஆராய்வோர் அதன் வெற்றியை மட்டும் கூறுதல் நேர்மையாகாது. 1952-ஆம் ஆண்டில் மீண்டும் முதலமைச்சராகிய இராஜாஜி, 1953-இல் கிராமத்து ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஒரு புதுத்திட்டம் வகுத்தார். பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் பயில்வர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலையோ பிற கைத்தொழிலையோ கற்பர். ஒரே கட்டடத்திலும் ஒரே ஆசிரியரிடத்தும் இரு வேளைகளில் இரு கூட்டத்தார் பயிலலாம் என்பது கணக்கு. புதிய செலவின்றிப் பள்ளியிற் பயில்வோர் தொகை பெருகும் என அவர் எண்ணினார்.

கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் பன்னெடுங்காலமாகப் பிறப்பை வைத்தே தொழிலை வகுத்த நாட்டில், தந்தையின் தொழிலை மகனுக்குப் பாடமாக விதித்தல் எத்தகைய புண்ணைத் தொடும் என்பதை அக்கணக்கு கண்டிலது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் ஈ. வெ. இராமசாமியும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் எதிர்த்தனர். காங்கிரஸ் கட்சியினருள்ளும் பலர் வெறுத்தனர். 1954-ஆம் ஆண்டில் இராஜாஜி பதவி துறந்தார்; அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

காமராசர் அதனோடு அமையவில்லை. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வாராமைக்குப் பசி ஒரு காரணம் எனக் கண்டு, 1956-ஆம் ஆண்டில் பொதுமக்களின் நன்கொடையையும் அரசாங்கப் பொருளையும் கூட்டி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது, கருவூலம் தாங்காது என்று அஞ்சியோர் பலர். கருவூலம் தாங்கிற்று. 2001-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் சமைத்த உணவை மாநிலங்கள் யாவும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கவேண்டுமென ஆணையிட்டது. பயன் இன்னதென அறியாமல் செலவை மட்டும் எண்ணுதல் சிக்கனமாகாது. அது விதைநெல்லைச் சேமித்துவிட்டு வயலைத் தரிசாகப் போடுவதை ஒக்கும்.

கடனின் இருவகை

விதைநெல்லுக்கு வாங்கிய கடனும் விருந்துக்கு வாங்கிய கடனும் ஒன்றல்ல. 1925 முதல் 1934 வரை எழுப்பப்பட்ட மேட்டூர் அணை போன்ற பாசனப் பெருவேலைகள் கடன் மூலதனத்தால் கட்டப்பட்டவை. அக்கடனைச் செலுத்திய தலைமுறையினரும் அவர்தம் மக்களும் அந்நீரால் விளைந்த நெல்லை உண்டனர். ஆதலின் அவர்மீது சுமத்திய பாரம் முறையானதே. அன்றாடச் சம்பளத்திற்கும், ஓய்வூதியத்திற்கும், பழைய கடனின் வட்டிக்கும், இலவசப் பொருளுக்கும் கடன் வாங்கின், செலுத்துவோர்க்கு எஞ்சுவது சீட்டு மட்டுமே. இவ்வன்றாடச் செலவு வரவை மிஞ்சுவதையே நிதி நூலார் வருவாய்ப் பற்றாக்குறை என்பர்.

இதனைத் தடுக்கவே 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இயற்றப்பட்டது. சில ஆண்டுகள் வருவாய்க் கணக்கில் உபரியும் கிட்டிற்று. 2013-14 முதல் பற்றாக்குறை மீண்டும் தலைகாட்டியது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அரசே வெளியிட்ட வெள்ளையறிக்கை, குடும்பம் ஒன்றுக்குப் பொதுக்கடன் 2,63,976 ரூபாய் எனக் கணக்கிட்டது. தன் பெயரில் இத்தகைய கடன் ஒன்று இருப்பதை எத்தனை குடும்பத்தார் அறிவர்?

முடிவுரை

இராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்து, அரசாங்கம் அளவு கடந்து விரிவதைப் பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம் என்று கண்டித்து வந்தார். அக்கட்சி மறைந்தது, அவர் 1972-ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார். அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டுவதில்லை. 1953-ஆம் ஆண்டின் திட்டத்தை நாமும் ஏற்கிலோம். எனினும் 1939-இல் அவர் மேற்கொண்ட முறை எக்கட்சியார்க்கும் பொருந்தும்: விரும்பியதைச் சொல்லும் வாயே அதன் விலையையும் சொல்லுதல் வேண்டும்.

கல்லூரியை விட்டு நீங்கும் மாணவர் விரைவில் வாக்காளராவர். அவருட் சிலர் அதிகாரிகளாகவும் சட்டசபை உறுப்பினராகவும் அமர்வர். ஒரு திட்டம் மேடையில் அறிவிக்கப்படும்போது கைதட்டுதற்கு முன், இதற்குப் பொருள் எங்கிருந்து வரும், இதன் பயன் செலுத்துவோர்க்கும் உண்டா, காரணம் நீங்கிய பின் இவ்வரியும் நீங்குமா என்று கேட்டுப் பழகுவாராக. வினவும் குடிகள் உள்ள நாட்டில் கருவூலம் எளிதில் வறிதாகாது.