தாவர எண்ணெயும் தோல்நலமும்

நுழையும்முன்

தாவரத்திலிருந்து கிடைத்தது என்பதனாலேயே ஓர் எண்ணெய் தோலுக்கு நன்மை செய்யும் என்று கொள்ளலாமா? முந்திரி விளையும் மண்ணிலிருந்து இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

முந்திரி தரும் பாடம்

நெய்வேலி என்றவுடன் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களுமே நினைவுக்கு வரும். அந்நகரியத்தைச் சூழ்ந்த செம்மண் நிலமோ முந்திரிக்கும் பெயர்பெற்றது. அண்மையிலுள்ள பண்ருட்டி, முந்திரித் தொழிலின் முதன்மையான ஊர்களுள் ஒன்று. முந்திரிப்பருப்பு உண்ணச் சுவையானது. அதனை மூடியுள்ள ஓட்டின் எண்ணெயோ தோலைப் புண்ணாக்குவது. அவ்வெண்ணெயிலுள்ள அனகார்டிக் அமிலம், கார்டால் ஆகியவையே அதற்குக் காரணம்.

முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிலாளர் தம் விரல்களில் சாம்பலையோ ஆமணக்கு எண்ணெயையோ பூசிக்கொள்வதுண்டு. ஒரு தாவர எண்ணெய் கையைப் புண்ணாக்குகிறது. மற்றொரு தாவர எண்ணெய் அக்கையைக் காக்கிறது. ஆகவே, ‘இயற்கையானது’ என்னும் சொல் ஓர் எண்ணெயின் பிறப்பிடத்தைக் கூறுமேயன்றி, அதன் பாதுகாப்பைக் கூறாது. பாதுகாப்பைச் சோதனையே கூறவேண்டும்.

மூவகைத் தீங்குகள்

எண்ணெயால் தோலுக்கு நேரும் தீங்குகளை மூன்றாகப் பகுக்கலாம். பட்ட இடத்தை நேரடியாகத் தாக்குவது எரிச்சல். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் ஒரு பொருளைப் பகையென நினைவில் கொண்டு, அது மீண்டும் படும்போது வெளிப்படுத்துவது ஒவ்வாமை. எண்ணெயும் வெயிலும் சேரும்போது மட்டும் தோன்றுவது ஒளிநச்சு. கார்போகரிசி எண்ணெயிலுள்ள சோரலென் என்னும் பொருள் இதற்குச் சான்று. அவ்வெண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கொப்புளிக்கும்.

சோதனை முறைகள்

தீங்கு வேறுபடுவதால் சோதனையும் வேறுபடுகிறது. 1895ஆம் ஆண்டு கிராட்சு நகரில் நடந்த தோல் மருத்துவர் மாநாட்டில், யோசப் யாடாசோன் என்பார் ஒட்டுச்சோதனையை எடுத்துரைத்தார். ஐயத்திற்குரிய பொருளைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து அகற்றி, அதன்பின்னும் சில நாள்கள் தோலை நோக்குவது இன்றைய முறை.

ஒவ்வாமை முதல்முறையே வெளிப்படுவதில்லை. ஆதலால், புதிய அழகுசாதனப் பொருளைத் தன்னார்வலர் தோலில் மூன்று வாரம் மீண்டும் மீண்டும் ஒட்டி, ஏறத்தாழ இரண்டு வாரம் இடைவெளி விட்டு, மறுபடியும் ஒட்டிப் பார்ப்பர். நம் நாட்டில் இத்தகைய ஆய்வுகளுக்கான வழிமுறைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4011 வகுத்துரைக்கிறது.

தெரியுமா?

முற்காலத்தில் முயல்களின் கண்ணிலும் தோலிலும் அழகுசாதனப் பொருள்கள் சோதிக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டு இந்தியா இதனைத் தடைசெய்தது. மனித உயிரணுக்களைக் கொண்டு ஆய்வகத்தில் வளர்க்கப்படும் தோலில் இன்று எரிச்சல் அளக்கப்படுகிறது. அத்தோலின் உயிர்த்திறன் 50 விழுக்காடாகவோ அதற்குக் கீழாகவோ குறைந்தால், அப்பொருள் எரிச்சலூட்டுவதாகக் கருதப்படும்.

பயன்படுத்துவோர் கடமை

ஒருமுறை தேறிய எண்ணெய் என்றும் அவ்வாறே இருக்கும் என்பதில்லை. எலுமிச்சைத்தோல் எண்ணெயிலுள்ள லிமோனீன், காற்றுப்பட்டு மாறும்போது ஒவ்வாமை தரும் பொருளாகிறது. எனவே, நாள்பட்ட எண்ணெயைத் தவிர்த்தல் வேண்டும். புதிய எண்ணெயை முகத்தில் பூசுமுன், முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவிச் சில நாள்கள் நோக்குதல் நன்று. சிவப்போ அரிப்போ தோன்றினால் உடனே கழுவி நிறுத்துதல் வேண்டும். முன்னரே கடும் ஒவ்வாமை கண்டவர்கள் தாமே சோதித்துப் பாராமல் மருத்துவரை நாடவேண்டும்.

பாட்டி தலைமுறையினர் நல்லெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் நெடுங்காலம் பழகியறிந்தனர். அப்பழக்கமும் ஒருவகைச் சோதனையே. பழகியறியாத எண்ணெய்கள் அழகிய குப்பிகளில் வீடு தேடி வரும் இக்காலத்தில், நம்புவதற்கு முன் ஆராய்வதே அறிவுடைமை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் பயன்படும் அழகுசாதனப் பொருள் ஒன்றின் உறையிலுள்ள மூலப்பொருள்களையும் எச்சரிக்கைகளையும் தொகுத்து எழுதுக.

2. ‘இயற்கையானவை அனைத்தும் தீங்கற்றவை’ என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் உரையாடுக.